வறட்சி ஆய்வுக்கு உபகாரச் சம்பளம்: செம்பனை நாற்றில் தொடங்குங்கள்

சுங்கை சிப்புட் தோட்டப் பிள்ளைகளே, முதுகலை ஆய்வுக்கு உபகாரச் சம்பளம் கேட்கும்போது "வறட்சியில் செம்பனை விளைச்சல்" என்று எழுதிவிடாதீர்கள். பெண் பூதான் குலையாகும்; பூ ஆணா பெண்ணா என்பது அறுவடைக்கு ஏறக்குறைய 2 ஆண்டுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. இன்றைய வறட்சி குலையில் தெரிவதற்குள் பணம் தீர்ந்துவிடும்.

பாலிபேக் (பிளாஸ்டிக் பை) நாற்றே நல்லது. மண்ணை முழுக்க நனைத்து, நீர் வடிந்ததும் எடை போடுங்கள். மாதிரி மண்ணை ஓவனில் 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தினால் ஈர அளவு கிடைக்கும். ஒரு பகுதி நாற்றுக்கு முழு ஈரம், மறு பகுதிக்குப் பாதி; தினமும் எடை போட்டு, குறைந்துபோன அளவு நீரை மட்டும் ஊற்றுங்கள். நாற்று வளர்ந்த எடையைக் கழிக்காவிட்டால் தண்ணீர் குறைவாகவே போய்ச் சேரும்.

மழைத்தடுப்புக் கூரை கட்டாயம். செலவுப் பட்டியலில் அதைத் தனியாக எழுதுங்கள்.