பத்திரகாளி அம்பாள் சந்நிதியில் மானம்பூ வாள்

விஜயதசமியன்று மாலை திருகோணமலை பத்திரகாளி அம்பாள் ஆலயத்துக்கு வாழையை வாளால் வெட்டும் மானம்பூ உற்சவம் காணச் சென்றிருந்தேன். ஒன்பது இரவும் கும்பம் வைத்து அம்பாளைக் கொண்டாடும் ஊர் இது. வசந்த மண்டபத்தில் அம்பாளின் பாதத்தருகே, செவ்வரத்தம்பூ சாத்தி, அலகில் சந்தனமும் குங்குமமும் இட்டு வைத்திருந்த வாளைவிட்டு என் கண்கள் அகலவில்லை.

தேவி வழிபாட்டைச் சொல்லும் காளிகா புராணம் பலியிடும் வாளை வெறும் ஆயுதமாகக் கருதாமல், அசி, விசசனம், கட்கம், தீக்ஷ்ணதாரம், துராசதம், ஸ்ரீகர்ப்பம், விஜயம், தர்மபாலம் என எட்டுப் பெயர் சொல்லி வணங்கிய பின்னரே கையில் எடுக்கச் சொல்கிறது. வங்காளத்திலும் நேபாளத்திலும் பலிக்கென்றே வடித்த வாளின் அலகு நுனிப்பக்கம் அகன்று, கனத்து, முன்னோக்கி வளைந்திருக்கும். அதில் ஒரு கண்ணையும் பொறித்திருப்பார்கள். ஒரே வீச்சில் தலை விழவேண்டும் என்பதற்காகவே அந்தக் கனம். பலியைத் தேவியே பார்க்கிறாள் என்பதற்கு அந்தக் கண்.

நம் நாட்டிலும் ஆட்டை வெட்டும் வேள்வி நெடுங்காலம் நடந்தது. முன்னேசுவரம் பத்திரகாளி கோயிலில் 2011இல் அது தடுக்கப்பட்டது. 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் ஆலயங்களில் மிருகபலிக்குத் தடை விதித்தது. அதனால் அம்பாளுக்கு ஏதோ குறை வைத்துவிட்டதாக வருந்துவோரை நான் அறிவேன். ஆனால், பலியை விரிவாகப் பேசும் அதே காளிகா புராணம் பூசணிக்காயையும் கரும்பையும் பலிப்பொருளாக ஏற்கிறது. ஆகவே, வீதியில் நாட்டிய வாழையை மகிடாசுரனாகப் பாவித்து வெட்டுவதை, ஆடு கிடைக்காததால் செய்துகொண்ட சமாதானமாக என்னால் நினைக்க முடியவில்லை.

அம்பாள் குதிரை வாகனத்தில் வெளிவீதிக்கு எழுந்தருளினாள். தவில் உச்சத்துக்கு ஏற, குருக்கள் வாளை இரு கைகளாலும் நெற்றிக்கு உயர்த்தி வணங்கி, ஓங்கி வெட்டினார். “அரோகரா” என்ற குரல் அடங்குமுன்பே வாழை சாய்ந்தது. வன்னி இலைக்கும் வாழைத் துண்டுக்கும் சனம் முண்டியடித்தது. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் தமக்குக் கிடைத்த ஈரத் துண்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

கூட்டம் விலகியபின் வாளை அருகில் பார்த்தேன். குங்குமத்தின்மேல் வாழைப்பால் வழிந்து, அலகின் ஓரத்தில் கறுக்கத் தொடங்கியிருந்தது. கறை பிடிப்பதற்கு முன், குருக்கள் அதைத் தேசிக்காய்ப் பாதியால் மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தார்.