ஆவணியில் கிணறு எவ்வளவு வற்றும் என்று கேட்டவர்

வன்னியில், தருமபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் குளியலறைச் சுவரில் சென்ற வைகாசியில் ஈரம் ஊறத் தொடங்கியது. மாலையில் நிரப்பி வைத்த 1000 லீற்றர்த் தாங்கி விடியும்போது பாதியாகக் கிடந்தது. முதலில் வந்த பிளம்பர் சுவரைத் தட்டிக்கூடப் பார்க்காமல், முழுவதும் உடைக்க வேண்டும் என்றார். பொருள் வாங்கவென்று முற்பணம் பெற்றுக்கொண்டு போனவர் மூன்று வாரங்களாக வரவில்லை. அந்த மூன்று வாரமும் வயதான என் தாயார் கிணற்றடியில் குளித்ததை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

அடுத்து வந்த இளைஞர் எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லி, தாங்கியில் தண்ணீர் நின்ற மட்டத்தில் கோடு போட்டார். பிறகு ஒவ்வொரு பைப் வழியையும் தனித்தனியே திறந்துவிட்டுக் காத்திருந்து, குளியலறைக்குப் போகும் வழியில்தான் கசிவு என்பதை உறுதிசெய்த பின்பே உளியை எடுத்தார். உடைத்தது ஒரேயொரு மாபிளின் அளவுதான். உள்ளிருந்த எல்போவை, அதாவது பைப் திரும்பும் இடத்து வளைவு இணைப்பை, அறுத்து என் கையில் தந்தார்: பைப் சாய்வாக வெட்டப்பட்டு, அரை அங்குலம் மட்டுமே உள்ளே நுழைந்திருந்தது, பசையும் ஒரு பக்கத்தில்தான் பிடித்திருந்தது. புதிய இணைப்பில் இரு முனைகளையும் மண்கடதாசியால் உரசித் துடைத்து, இரண்டிலும் பசை பூசி, கால் சுற்றுத் திருகி, சிறிது நேரம் அழுத்திப் பிடித்திருந்தார். மறுநாள் காலை வரை தண்ணீர் திறக்கவும் விடவில்லை.

என் நம்பிக்கையைப் பெற்றது அதன்பின் அவர் கேட்ட கேள்விதான். "அம்மா, ஆவணியிலை கிணறு எவ்வளவு வத்தும்?" மேலே நின்று உறிஞ்சும் மோட்டருக்குக் காற்றழுத்தமே துணை, கணக்குப்படி அதன் எல்லை ஏறத்தாழ 10 மீற்றர் (33 அடி) என்றாலும், நடைமுறையில் 25 அடியைத் தாண்டினால் அது திணறும். எங்கள் கிணற்றில் ஆவணியில் தண்ணீர் 28 அடிக்கு இறங்கிவிடும். ஆண்டுதோறும் மோட்டர் சூடேறி நின்றதன் காரணம் அன்றுதான் விளங்கியது. மோட்டரைக் கிணற்றுக்குள் ஒரு தட்டமைத்து இறக்கித் தந்தார்.

தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பது நல்லதுதான். ஆனால் வன்னியில் கைப்பழக்கத்தால் தேர்ந்த மூத்தவர்கள் பலரிடம் அது இல்லை. அவர்களை ஒதுக்க எனக்கு மனம் வராது. பொருளை ஹார்ட்வெயார் கடையில் நானே வாங்கித் தருகிறேன் என்றதும் முகம் சுருங்குபவரை மட்டும் தவிர்த்துவிடுவேன். எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர் குழாய் வாய்களில் வெள்ளையாகப் படியும் என்பதை, நாம் சொல்லாமலே பார்த்துக் கேட்பவரானால் இன்னும் நல்லது.

அறுத்தெடுத்த அந்த எல்போவைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இனி யாரையாவது வேலைக்கு அழைத்தால், விலை பேசுவதற்கு முன் அதைக் கையில் கொடுத்து, இதில் என்ன பிழை என்று கேட்பேன்.