இரண்டு டிஸ்க்கும் ஒன்றையொன்று ‘இல்லை’ என்றபோது: ரெய்டு 1 மீட்ட அனுபவம்

4 டிபி டிஸ்க் இரண்டு, லினக்ஸ் எம்டி ரெய்டு 1 (ஒரே டேட்டாவை இரண்டிலும் எழுதும் அமைப்பு; இரண்டும் சேர்ந்தது ‘அரே’), மேலே எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம். சாட்டா கேபிள் தளர்ந்து இரண்டாவது டிஸ்க் விலகியது. ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆடம் கான்ஃபிக்கில் மெயில் முகவரி போடாததால் இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. சர்வீஸுக்கு வந்தவர் கேபிளை அசைத்ததில் முதல் டிஸ்க் விலக, பழைய டேட்டாவோடு இரண்டாவது மட்டும் எழும்பியது. அதிலும் ஒரு பகல் முழுக்க ஃபைல்கள் சேர்ந்துவிட்டன. கேபிள் மாற்றியதும் இரண்டும் தெரிந்தன. அரேயில் ஒன்றுதான் ஏறியது.

இந்த இடத்தில், விலகிய டிஸ்க்கைத் திரும்பச் சேர்க்கும் ‘ரீ-ஆட்’ கொடுத்துவிடாதீர்கள். தவறினால் இங்கேதான் தவறும். ரீ-ஆட், பிட்மேப் என்ற குறிப்பில் உள்ள இடங்களை மட்டும் சிங்க் செய்யும். அதில் இருப்பது ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் மாறிய இடங்கள் மட்டுமே. மற்றது தனியாக ஓடியபோது எழுதியது அதற்குத் தெரியாது. அந்த பிளாக்குகள் சிங்க் ஆகாமலே ‘யுயு’ (இரண்டும் நலம்) என்று காட்டும். ரெய்டு 1 எந்த டிஸ்க்கிலிருந்தும் படிக்கும் என்பதால் ஒரே ஃபைல் ஒருமுறை புதிதாக, மறுமுறை பழசாக வரும். அதன் மேல் ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே ஓட்டினால் கதை முடிந்தது.

முதலில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எம்டிஆடமில் ‘எக்ஸாமின்’ போட்டு அரே ஸ்டேட்டைப் பாருங்கள். ஒன்றில் ‘ஏ.’, மற்றதில் ‘.ஏ’ என்று இருந்தது. புள்ளி என்றால் அந்த இடத்து டிஸ்க் இல்லை என்று அர்த்தம். ஈவென்ட் எண்ணிக்கை அதிகமுள்ளதே சரியானது என்று நம்ப வேண்டாம்; அரே நின்று கிளம்பினாலே அது கூடும், எவ்வளவு எழுதினோம் என்பதை அது சொல்லாது.

ஒரு நேரத்தில் ஒரு டிஸ்க் மட்டும் மாட்டி, ‘ரீட்ஒன்லி’, ‘ரன்’ இரண்டும் சேர்த்து அசெம்பிள் செய்யுங்கள். மவுன்ட்டில் ‘ஆர்ஓ’ மட்டும் போதாது, ‘நோலோட்’டும் வேண்டும், இல்லாவிட்டால், முன்பு சரியாக அன்மவுன்ட் ஆகாதிருந்தால், எக்ஸ்ட்4 தன் ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டிக் குறிக்கும் பதிவு) மிச்சமிருப்பதை டிஸ்க்கில் எழுதப் பார்க்கும், மவுன்ட்டே ஆகாது. ஒவ்வொன்றையும் வெளி டிஸ்க்கில் தனி ஃபோல்டரில் காப்பி எடுத்து, ஃபைல்களை ஒப்பிடும் ஆர்சிங்கை ‘ஆர்’, ‘என்’, ‘சி’, ‘ஐ’ கொடுத்து ஓட்டினால், எதையும் காப்பி செய்யாமல் வித்தியாசப் பட்டியல் மட்டும் கிடைக்கும். அந்த ஒரு பகல் ஃபைல்கள் முழுதாகத் திரும்பக் கிடைத்தன.

அடுத்தது, எந்த டிஸ்க்கை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, மற்றதின் சூப்பர்பிளாக்கை (ரெய்டு விவரம் இருக்கும் பகுதி) அழித்து ‘ஆட்’. அழிக்கும் முன் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே-யில் சீரியல் எண்ணை ஸ்டிக்கரோடு ஒத்துப் பாருங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்கள் பூட்டுக்குப் பூட்டு மாறும். ரீசிங்க் ஏழரை மணி நேரம்.

இனி வராமலிருக்க: சிஸ்டம்டி (பூட்டில் சர்வீஸ்களைக் கிளப்பும் புரோகிராம்) உள்ள லினக்ஸ் டிஸ்ட்ரோக்களில் எம்டிஆடம் லாஸ்ட்-ரிசார்ட் டைமர், டிஸ்க் குறைந்தாலும் 30 விநாடியில் அரேயைக் கிளப்பிவிடும். டேட்டா அரேக்கு அதை மாஸ்க் செய்து (ஓடவிடாமல் முடக்கி), மவுன்ட் பட்டியலான எஃப்எஸ்டேபில் ‘நோஃபெயில்’ சேர்த்தேன்; அரே இல்லாவிட்டாலும் பூட் நிற்காது. மவுன்ட் ஆகாத வெற்று டைரக்டரிக்கு ‘சிஎச்ஆட்டர் +ஐ’ போட்டு, அதில் யாரும் எழுத முடியாமல் பூட்டினேன். இல்லையென்றால் புரோகிராம்கள் ரூட் டிஸ்க்கை நிரப்பிவிடும். கடைசியில் மெஷினை அணைத்து, வேண்டுமென்றே ஒரு கேபிளைக் கழற்றி பூட் செய்தேன். அரே ‘இன்ஆக்டிவ்’ என்று அப்படியே நின்றது, ஒரு பைட்கூட எழுதவில்லை.