வரைபடத்தில் இருந்த வழி

மேடை நிகழ்ச்சிகளுக்கு அனுமதி வாங்கும் வேலைக்கு வந்த புதிதில், காவல்துறை, தீயணைப்பு, மின் ஆய்வு, உள்ளாட்சி என்று மேசை மேசையாகப் போய் முத்திரை வாங்கிவிட்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். ஓர் இசை நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மாலை அந்த நினைப்பு போய்விட்டது.

அரங்க வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதற்குள் ஒலியமைப்புக்காரர்கள் மிக்ஸர் மேசையை நகர்த்தி, சுற்றிலும் தடுப்பு போட்டிருந்தார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆய்வுக்கு வந்த தீயணைப்பு அதிகாரி வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, இடதுபுற வெளிவாசலுக்குப் போகும் வழியை டேப் வைத்து அளந்தார். வரைபடத்தில் இருந்ததில் பாதி அகலம்தான் இருந்தது. "கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர் எப்படி வெளியே போவார்? நீங்களே நடந்து காட்டுங்கள்" என்றார். நடந்தேன். கேபிளை மூடியிருந்த பலகை காலை இடறியது. அன்று ராத்திரியே தடுப்பைப் பிரித்து, மேசையைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனோம்.

2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில் நடந்த விபத்தைப் பற்றி அதற்கப்புறம்தான் படித்தேன். மேடையில் கொளுத்திய வாணம் சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் பற்றி, 100 பேர் இறந்துபோனார்கள். அந்த வாணத்துக்கு அனுமதியே வாங்கவில்லை. வேறு வாசல்கள் இருந்தும், நிறையப் பேர் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலுக்கே ஓடி நெரிசலில் சிக்கினார்கள்.

இசை உரிமம் வேறு கதை. "பாடகருக்குத்தான் பணம் கொடுத்துவிட்டோமே" என்று அமைப்பாளர்கள் கேட்பார்கள். பாடுவதற்கான ஊதியம் அது. பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் ஆகியோரின் உரிமை தனி. இடைவேளையில் ஒலிப்பதிவு போட்டால், பல நாடுகளில் அந்தப் பதிவின் உரிமையாளரிடமும் அனுமதி வாங்க வேண்டும். 1847இல் பாரிஸில் ஒரு காபிக் கடையில் தன் பாட்டை வாசிப்பதைக் கேட்ட பாடலாசிரியர் எர்னஸ்ட் பூர்ஜே, "என் பாட்டுக்கு நீங்கள் காசு தராதபோது, குடித்ததற்கு நான் எதற்குத் தர வேண்டும்?" என்ற நியாயத்தில் பணம் கொடுக்க மறுத்தார். வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது. 1851இல் பிரான்ஸில் படைப்பாளிகளுக்கான உரிமைச் சங்கமும் உருவானது. எனக்கு அவர் கேட்டது முழுக்க நியாயமாகவே படுகிறது. பாட்டுப் பட்டியல் கைக்கு வராமல் இப்போது நான் விண்ணப்பமே எழுதுவதில்லை.

ஒப்புதல் வந்த அன்றே வரைபடத்தை நகலெடுத்து மேடைக்காரர், ஒலிக்காரர், விளக்குக்காரர் எல்லோரிடமும் கொடுத்துவிடுகிறேன். ஒரு நாற்காலியை நகர்த்துவதென்றாலும் முதலில் எனக்குப் போன் செய்ய வேண்டும். முந்தின நாள் எல்லா வேலையும் முடிந்த பிறகு, கடைசி வரிசையில் போய் உட்காருகிறேன். அப்புறம் எழுந்து, ஒவ்வொரு வாசலுக்கும் நடந்து பார்க்கிறேன்.