சுண்ணாம்புத் தண்ணீர் போதும், வெடிச்சத்தம் வேண்டாம்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வேதியியல் சோதனைகள் செய்து காட்டக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "வெடிக்குமா, புகை வருமா?" என்றுதான். வரவைக்கலாம், பெரிய வித்தை இல்லை. ஆனால் சத்தத்துக்குக் கைதட்டிவிட்டு எழுந்து போகிற கூட்டம் வேதியியலைப் பார்த்ததாக நான் நினைக்கவில்லை.

நான் ஆரம்பிப்பது சுண்ணாம்பில். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் வடித்து எடுத்துக்கொள்வேன். கூட்டத்திலிருந்து பெரியவர் ஒருவரை வரவைத்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டி, ஸ்ட்ரா வழியாக மெதுவாக ஊதச் சொல்வேன் (உறிஞ்சிவிடக் கூடாது, அதனால்தான் பிள்ளைகளிடம் கொடுப்பதில்லை). கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். மூச்சிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிவிட்டது, அவ்வளவுதான். அப்புறம் சொல்வேன்: உங்கள் வளவுச் சுவரில் பூசிய சுண்ணாம்புச் சாந்து காற்றைக் குடித்துக் குடித்துக் கல்லாக இறுகியதும் இதே வினைதான். முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் என்று எல்லாரும் பெருமையாகச் சொல்வோம், அதற்கும் பங்கு உண்டு, ஆனால் அடிப்படை வேலை சுண்ணாம்புடையது. பள்ளத்தூரில் ஓர் ஆச்சி, "அப்ப சுவரும் மூச்சு விடுதுன்னு சொல்லு தம்பி" என்றார். விடவில்லை ஆச்சி, உள்ளே இழுத்துக்கொண்டது என்றேன்.

அதோடு நிறுத்தக் கூடாது. வெளுத்த பிறகும் விடாமல் ஊதினால் தண்ணீர் மறுபடி தெளிந்துவிடும்! கார்பனேட் இப்போது கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாறிவிட்டது. அதைக் கொதிக்கவைத்தால் திரும்பவும் கலங்கும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, பெரும்பாலும் அதுதான். ஊதுவதற்கு முன்பே "என்ன ஆகும்?" என்று கூட்டத்தைக் கேட்டுவிட வேண்டும். தப்பாகச் சொன்னவர்கள்தான் கடைசிவரை உட்கார்ந்து கவனிப்பார்கள்.

மஞ்சள் தடவிய தாளில் சுண்ணாம்புத் தண்ணீரால் எழுதினால் எழுத்து சிவக்கும், எலுமிச்சை பிழிந்தால் மஞ்சளாகிவிடும். ஆலத்தித் தண்ணீர் சிவப்பதன் காரணம் இது.

தானாகத் தீப்பிடிக்கும் 'அதிசயம்' ஒன்றையும் செய்து காட்டுகிறேன். பெர்மாங்கனேட் தூளில் கிளிசரின் சொட்டினால் சில நொடி கழித்துச் சுடர் எழும். திறந்தவெளியில், சிட்டிகை அளவுக்கு மேல் போகாமல், முதல் வரிசையை நன்றாகத் தள்ளி உட்காரவைத்துத்தான் செய்வேன், எப்படி எரிகிறது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுவேன். சொல்லாமல் விட்டால் நாளைக்கு இன்னொருவர் இதையே காட்டிக் காணிக்கை கேட்பார்.

மெத்தனாலை ஊற்றி வண்ணச் சுடர் காட்டுவதை மட்டும் யார் கேட்டாலும் செய்ய மாட்டேன். அதன் ஆவி பரவி, தீ பாட்டிலுக்குள் பாய்ந்து, பார்த்துக்கொண்டிருந்த மாணவர்கள் கருகிய விபத்துகள் வெளிநாட்டு வகுப்பறைகளிலேயே நடந்திருக்கின்றன. தாமிரம், ஸ்ட்ரான்சியம் போன்ற உலோகங்களின் உப்புக் கரைசலில் ஊறிய மரக்குச்சியைச் சுடரில் காட்டினாலே தாமிரம் பச்சையாகவும் ஸ்ட்ரான்சியம் சிவப்பாகவும் எரியும், போதாதா?

1953இலிருந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர் காரைக்குடி. அதற்கு நிலமும் பணமும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். அந்த மதிலைத் தாண்டி பஸ்ஸில் போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உள்ளே நடப்பது தெரியும்? அதனால், மின்வேதியியலுக்கு ஓர் எளிய எடுத்துக்காட்டாக, மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் இரும்பு ஆணி போட்டுச் செம்பு படிவதைக் காட்டாமல் எந்த ஊரிலிருந்தும் கிளம்புவதில்லை. திருவிழாக் கமிட்டிக்காரர்களிடம் கேட்பது இரண்டுதான்: பக்கத்தில் மணல் வாளி, சோதனை முடிந்ததும் கேள்விகளுக்கு அரை மணி நேரம். மைக் செட்டில் பாட்டு அதற்குப் பிறகு போடட்டும்.