கிருஷ்ணருக்கு என்ன ஆச்சு?

மதுரையிலிருந்து கல்யாணமாகி மொரீஷியஸ் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோயிலில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். ஊரில் கிரியோல்தான் பேச்சு. ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கும். அதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அக்டோபர் 5 உலக ஆசிரியர் நாள். ஆனால் எனக்கு செப்டம்பர் 5 வந்தால்தான் கை பரபரக்கும். சில வருஷம் முன்னால், டாக்டர் ராதாகிருஷ்ணனுக்கு ஒரு பேனர் வைத்து மாலை போடலாம் என்று கிளம்பினேன். அச்சுக்கடைக்குப் போன் போட்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை கிரியோலில், "ராதாகிருஷ்ணன் படம், பெரிசா வேணும். கீழே போட வேண்டிய தமிழ் வரிகளை அனுப்புகிறேன்" என்றேன். "படமும் அனுப்பட்டுமா?" என்றதற்கு, "வேண்டாம் மேடம், எங்களிடமே நிறைய இருக்கு" என்றார்கள். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சனிக்கிழமை காலை வகுப்பறையில் பேனரைப் பிரித்தால், யமுனைக்கரை. ஊஞ்சல். புல்லாங்குழலோடு கிருஷ்ணர், பக்கத்தில் ராதை, ஓரமாக ஒரு பசு. அதன் கீழே கொட்டை எழுத்தில்: "ஆசிரியர் நாள் வாழ்த்துகள். பிறப்பு 5.9.1888. மறைவு 17.4.1975." ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

சுருட்டி வைப்பதற்குள் கோயிலுக்கு வந்த அம்மாக்கள் பார்த்துவிட்டார்கள். கிருஷ்ண ஜெயந்தி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நான் வாங்கி வைத்திருந்த மாலையை அவர்களே போட்டு, சூடமும் ஏற்றிவிட்டார்கள். பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்த கத்தோ பிமா (நம் பருப்பு வடையின் மொரீஷியஸ் தம்பி) ஒரு நொடியில் நைவேத்தியமாகிவிட்டது.

சரி, பிள்ளைகளுக்காவது புரியவைப்போம் என்று ஆரம்பித்தேன்.

"இது நான் கேட்ட படம் இல்லை. நான் சொல்ல வந்தவர் சாமி இல்லை, வாத்தியார்."

"எந்த ஊர் மிஸ்?"

"திருத்தணி."

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. தைப்பூசக் காவடிக்கு நாடே விடுமுறை விடும் ஊர் இது. "முருகன் ஊர்!" என்று நாலு குரல்.

பேச்சை மாற்ற மைசூருக்குப் போனேன். 1921-இல் அவர் மைசூரை விட்டுக் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பியபோது, மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, பூ அலங்காரம் செய்த வண்டியைத் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துப் போனார்கள் என்றேன். எனக்கு மிகவும் பிடித்த கதை. அன்றைக்கு மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"சாமி இல்லேன்னா எதுக்கு மிஸ் தேர் இழுத்தாங்க?"

"பகவத்கீதையை இங்கிலீஷில் மொழிபெயர்த்து விளக்கம் எழுதியிருக்கார்" என்று அடுத்த அடியை நானே வாங்கிக்கொண்டேன். "கீதையைச் சொன்னதே கிருஷ்ணர்தானே" என்று பதில் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் என்றதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1949-இல் சோவியத் நாட்டுக்குத் தூதர் என்றதும் முன்வரிசைப் பெண் கையைத் தூக்கினாள்.

"கிருஷ்ணரும் தூது போனாரே மிஸ்!"

தூதர், 1952-இல் துணைக் குடியரசுத் தலைவர், 1962-இல் குடியரசுத் தலைவர் என்று நான் அடுக்க அடுக்க, பின்னால் ஒரு பையன் விரல் விட்டு அவதாரம் எண்ணிக்கொண்டிருந்தான். எனக்கு நாக்கு வறண்டுவிட்டது.

அப்போதுதான் தாத்தா ஒருவர் உள்ளே வந்தார். அந்தக் கோயிலில் தமிழ் வாசிக்கத் தெரிந்த இரண்டு மூன்று பெரியவர்களில் ஒருவர். பேனர் முன்னால் கைகூப்பி நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கீழ்வரிகளை மெதுவாகப் படித்தார். மறுபடியும் படித்தார். என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி,

"ஏம்மா, கிருஷ்ணருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 1962-இல் ராதாகிருஷ்ணனின் பிறந்தநாளைக் கொண்டாட வேண்டும் என்று கேட்டு வந்தவர்களிடம், என்னைக் கொண்டாடுவதற்குப் பதில் அதை ஆசிரியர் நாளாகக் கொண்டாடுங்கள் என்று அவர் சொன்னதாகக் கேள்வி என்றேன்.

"அப்போ கடைக்காரன் மேல தப்பில்லை. அவரே படத்தை மாத்தி அனுப்பியிருப்பார்" என்று ஒரு கத்தோ பிமாவை எடுத்துக்கொண்டு போனார்.

பேனரை அம்மாக்கள் திருப்பித் தரவில்லை. கிருஷ்ண ஜெயந்தி அன்று கோயில் வாசலில் அதுதான் தொங்கியது. தேதிகள் மேல் வாழையிலை கட்டியிருந்தார்கள். காற்றடிக்கும்போதெல்லாம் 1888 எட்டிப் பார்த்தது.