அஞ்சாவது யூனிட்டுக்கு என் வைத்தியம்

ரிசல்ட் வந்துவிட்டது. நியூமெரிக்கல் மெத்தட்ஸில் ஏ பிளஸ். அதன் அஞ்சாவது யூனிட், சாய்வைக் கொடுத்தால் எக்ஸ் நகர நகர ஒய் எவ்வளவு என்று ஸ்டெப் ஸ்டெப்பாகக் கண்டுபிடிக்கும் முறைகள்; மில்னி அதில் ஒன்று. "அஞ்சாவது யூனிட் இழுவை, மில்னியெல்லாம் வராது, விட்டுடுங்க" என்று வகுப்பிலேயே சொன்னார்கள். வந்த பெரிய கேள்வியே மில்னிதான். அந்தப் பேச்சை நம்பி வந்த பிள்ளைகள் ஹாலுக்கு வெளியே அழுததை நினைத்தால் இன்னும் கோபம் அடங்கவில்லை.

எனக்கு மனப்பாடம் வராது. ஈரோடு பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஆடம்ஸ் ஃபார்முலாவின் 55, 59, 37, 9 என்று ஜெபித்துக்கொண்டே வருவார்கள். எனக்குக் கவுந்தப்பாடி தாண்டுவதற்குள் மறந்துவிடும். அதனால் நான் நம்பியது ஒரே ஒரு சோதனையை. சாய்வு எல்லா இடத்திலும் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் எக்ஸ் எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவுதான் ஒய்யும் ஏற வேண்டும். எழுதிய ஃபார்முலா அதைத் தருகிறதா? சாய்வுகளுக்கு முன்னால் நிற்கும் எண்களைக் கூட்டிப் பாருங்கள்:

- ரங்கே-குட்டா: 1+2+2+1 = 6, கீழேயும் 6. ஒரு ஸ்டெப். சரி.
- மில்னி பிரிடிக்டர் (முதல் மதிப்பீடு): 2-1+2 = 3, வெளியே 4/3, பெருக்கினால் 4. ஒய்0-இலிருந்து ஒய்4-க்கு நாலு ஸ்டெப்.
- மில்னி கரெக்டர் (அதைத் திருத்துவது): 1+4+1 = 6, வெளியே 1/3, ஆக 2. ஒய்2-இலிருந்து கிளம்புவதால் ரெண்டு ஸ்டெப். (நாலாவது யூனிட்டில் தொகையிடப் படித்த சிம்ப்சன் விதிதான் இது, வேறு சட்டை.)
- ஆடம்ஸ்: பிரிடிக்டர் 55-59+37-9 = 24, கீழேயும் 24. ஒரு ஸ்டெப். கரெக்டர் 9+19-5+1, அதுவும் 24.

55-உம் 37-உம் இடம் மாறினாலும் 24-தானே வரும் என்று கேட்பீர்கள். அதற்கு ரெண்டாவது சோதனை: சாய்வு எக்ஸ் என்று வையுங்கள். ஆடம்ஸ் பிரிடிக்டரின் புள்ளிகள் 0, -1, -2, -3. 59-74+27 = 12, 24-ஆல் வகுத்தால் 1/2. 0 முதல் 1 வரை எக்ஸைத் தொகையிட்டாலும் 1/2. இடம் மாறியிருந்தால் இது வராது. ஹாலில் ஒரு நிமிஷ வேலை. மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

(நெப்டியூன் இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுச் சொன்ன ஆடம்ஸ்தான் இவர். பாஷ்ஃபோர்த்தின் 1883 புத்தகத்தில் திரவத்துளியின் வடிவத்தைக் கணக்கிடத்தான் இந்த முறை வந்தது. வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் ரெண்டு பேராவது தூங்காமல் இருந்திருப்பார்கள்.)

பழக ஒரு கணக்கு போதும். சாய்வு எக்ஸ்+ஒய், ஒய்(0) = 1, ஹெச் (ஒரு ஸ்டெப்பின் நீளம்) 0.1. ஒய்(0.1) ஆய்லரில் (ஆரம்பச் சாய்விலேயே நேராகப் போவது) 1.1, மாடிஃபைடு ஆய்லரில் 1.11, ரங்கே-குட்டாவில் 1.11034. உண்மையான விடையும் அஞ்சு தசமத்துக்கு 1.11034. நாலையும் ஒரே தாளில் போட்டுப் பாருங்கள், எந்த முறைக்கு என்ன மரியாதை என்று தெரியும்.

அப்புறம், விடை நம்பும்படி இருக்கிறதா என்று பாருங்கள். ஆறுகிற பொருளின் கணக்கில் கெழு 10 (சாய்வு = -10 × வெப்ப வித்தியாசம்), ஹெச் 0.3 என்று ஆய்லர் போட்டால், காற்றோடு உள்ள வெப்ப வித்தியாசம் 1, -2, 4, -8 என்று துள்ளும். எங்க ஆலைச் சர்க்கரைப் பாகுக்கு இப்படி விடை எழுதினால், "ஏனம்மிணி, பாகு பனிக்கட்டியாகி மறுக்காக் கொதிக்குமா?" என்று அப்பாரு சிரிப்பார். ஹெச் 0.2-க்குக் கீழே வந்தால்தான் அடங்கும், 0.1-ஐத் தாண்டினாலே ஆட்டம் உண்டு.

மற்றவை:

- டெய்லர் சீரிஸ்: கேட்டால் மட்டும் போடுங்கள்.
- முந்தைய மதிப்புகள் (ஒய்1, ஒய்2, ஒய்3) தராமல் மில்னி கேட்டால் ரங்கே-குட்டா மூணு தடவை. அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.
- கணக்கில் சைன் (sin) இருந்தால் கால்குலேட்டரில் ரேடியன் மோடு.
- குரூப் ஸ்டடி எனக்கு ஆகாது. விடியற்காலையில் தனியாகத்தான் படித்தேன். ராத்திரி ஆட்களுக்கு என்னிடம் யோசனை இல்லை.
- கால்குலேட்டரில் சாய்வை ஒரு தடவை எழுதிவிட்டுக் கால்க் பட்டனை அழுத்தினால் எக்ஸ், ஒய் மட்டும் கேட்கும். வரும் எண்ணை நாலு தசமத்துக்கு வெட்டாமல் அப்படியே மெமரியில் போடுங்கள், கடைசி வரியில் வெட்டிக்கொள்ளலாம்.